ஆயுத பூஜையன்று நின்ற அலை

காஞ்சனா நாராயணவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்து, கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைகளைத் துடைக்கிறவள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். ஆனால் எதையும் பார்க்காமல் விடமாட்டாள்.

அவள் அதிகம் பார்த்தது சுஜிதாவின் திரையைத்தான். சித்தூர்க்காரியான சுஜிதா அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். மின்னலுக்குள் இருப்பதுபோல் கொதிக்கும் வாயுவில் அலை எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டு ஓடவிடுவாள். திரையில் ஒரு மேடு வலப்பக்கம் போய் மறையும், இடப்பக்கம் முளைக்கும். எத்தனை சுற்று வந்தாலும் வடிவம் மாறக்கூடாது. ஆனால் போகப் போக அமுங்கி, கடைசியில் தட்டையாகிவிடும்.

"நிஜ அலை சாவலக்கா, என் கணக்குதான் அத சாவடிக்குது. அலைய கட்டங்கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு எண்ண வச்சிருந்தேன். இனிமே கட்டத்துக்குள்ள அலை எப்படி வளையுதுன்னும் சேத்து வைக்கப் போறேன்" என்று ஒருநாள் காஞ்சனாவிடம் சொன்னாள் சுஜிதா.

புதுக் கணக்கை ஓடவிட்டு, அது முடிவதற்குள் அம்மாவைப் பார்த்துவரச் சித்தூர் போனாள். மறுநாள் ஆயுத பூஜை. சுஜிதாவுடையது சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவளுக்கு அது நினைவில்லை.

காஞ்சனாவுக்கு நினைவிருந்தது. உழைக்கிற சாமான் அன்றைக்கு ஓடக்கூடாது. அவள் நைனாவின் தறிகூட நிற்கும். திரை இருட்டாக இருந்ததால் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தாள். எந்திரத்தின் பொத்தானை அழுத்தி நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

லீவு முடிந்ததும் லேப் உதவியாளர் தாமோதரன் பிடித்துக்கொண்டார். "பொட்டு வச்சி வழியனுப்பிட்டியே தாயி! ராத்திரியெல்லாம் ஓடிக்கினு இருந்தது. நாளைக்கு அந்தப் பொண்ணு மீட்டிங்ல இன்னாத்த காட்டும்?"

 சுஜிதா உள்ளே வந்ததும் காஞ்சனா தானே போய் முன்னால் நின்றாள். "நாந்தாம்மா நிறுத்திட்டேன். பூஜைக்குன்னு..."

சுஜிதாவின் முகம் வெளுத்தது. "நடுநடுவுல அதுவே சேமிச்சிக்கும்க்கா. கடைசியா சேமிச்சது உடையாம இருந்தா பொழச்சேன்."

விசைகளைத் தட்டினாள். திரையில் வரிகள் ஓடின. மேடு பாதி வழியில் தோன்றி, நகரத் தொடங்கியது.

சாயங்காலம் கடைசிச் சுற்று முடிந்தபோது காஞ்சனா வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். சுஜிதா ஓடத் தொடங்கியபோது இருந்த வடிவத்தைச் சிவப்புக் கோடாகப் போட்டு, அதன்மேல் இன்றைய அலையை வைத்தாள்.

"சிவப்புக் கோடு எங்கம்மா?" என்றார் தாமோதரன்.

"அடியில இருக்கு சார்."

சுஜிதா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். அப்போதும் சிவப்பு தெரியவில்லை. காஞ்சனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு தூரம் ஓடியது! நடுவில் அவள் விரல் பட்டு அடியோடு நின்றும் போனது. அப்படியும் ஒரு மயிரிழை அமுங்காமல் வந்து நிற்கிறதே!

"நின்னதே அதுக்குத் தெரியலியேம்மா" என்றாள் மெல்ல. பிறகு, அந்த அறையில் முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

"இன்னொரு சுத்து வுடும்மா. பாக்கறேன்."