நடுவானில் இருமிய இன்ஜின்

போன வருடம் ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான், வீடு திருமுல்லைவாயிலில். என் மகள் வெளியூரில் விமானம் ஓட்டப் படித்து உரிமமும் வாங்கிவிட்டாள். முதலில் என்னைத்தான் ஏற்றுவேன் என்று அடம்பிடித்து, தான் படித்த மைதானத்துக்கே கூட்டிப் போனாள்.

இரண்டே பேர் உட்காரும் குட்டி விமானம். முதல் நாள் மழையில் காற்றெல்லாம் ஈரம். சட்டை முதுகோடு ஒட்டியது. மேலே போனதும் பயம் தெளிந்து, கீழே ஏரிகளை வேடிக்கை பார்த்தபடி இருந்தேன்.

திடீரென்று இன்ஜின் சத்தம் மெலிந்தது. இயந்திரச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அது தெரியாதா? மகளும் கவனித்துவிட்டாள்.

"கார்புரேட்டர்ல ஐஸ் பிடிச்சிருக்கு நைனா."

வேர்த்து ஊற்றுகிற ஊரில் ஐஸா! பெட்ரோலும் காற்றும் கலக்கிற அந்த இடத்தில், பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்து, காற்றின் ஈரம் உறைந்து, இன்ஜினின் மூச்சை அடைக்குமாம். சூடான காற்றை உள்ளே விடும் குமிழ் ஒன்றை அவள் வெளியே இழுத்தாள்.

இழுத்ததுதான் தாமதம், இன்ஜின் இருமத் தொடங்கியது. விமானமே உதறியது. எங்கள் பட்டறையில் ஒரே சட்டம்: எதையாவது தொட்டு சத்தம் கெட்டால், தொட்டதை உடனே பழையபடி வை. என் கை தானாகக் குமிழுக்குப் போய்விட்டது.

"இன்னாமா பண்ற? இன்னும் மோசமாகுதே! உள்ள தள்ளு!"

"கைய எடு நைனா. ஐஸ் உருகி தண்ணி இன்ஜினுக்குள்ள போகுது, அதான் இருமுது. இப்ப மூடினா அவ்ளோதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, குரலும் உயரவில்லை. கையை எடுத்தேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இன்னும் இரண்டு உதறல். பிறகு இன்ஜின் மெல்ல மெல்லச் சீராக ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் குமிழை அவளே உள்ளே தள்ளினாள்.

இறங்கும்போது இன்ஜின் வேகத்தைக் குறைப்பதற்கு முன்பே அந்தக் குமிழை மறுபடி இழுத்துவிட்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு? நல்லாத்தானே ஓடுது?"

"வேகம் கொறச்சா ஐஸ் சுலபமா பிடிக்கும் நைனா. பிடிச்சப்புறம் உருக்குறதவிட, பிடிக்காம பாத்துக்கறது நல்லதில்லையா?" என்று சிரித்தாள்.

தரையில் அவள் வாங்கிக் கொடுத்த டீயில் பாதி என் சட்டைக்குத்தான் போனது. வீட்டுக்காரி கேட்டதற்கு, "சூப்பரா ஓட்டினா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பெற்ற மகள் சொல்லி நான் கையை எடுத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. எடுத்ததால்தான் இன்று உட்கார்ந்து இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்கு வெட்கமே இல்லை, பெருமைதான்.