முப்பத்தோராம் நாள் சாப்பாடும் ஒரு பவுண்டு எடையும்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு மேலறையில் ஓர் ஐரிஷ் குத்துச்சண்டைக்காரன் வாடகைக்கு இருந்தான். காசுக்குச் சண்டை போடுவதுதான் அவன் தொழில். பதினொரு போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. அடுத்ததில் வென்றால் பட்டத்துக்கான போட்டி என்று பயிற்சியாளர் சொல்லிவைத்திருந்தார். அந்த மாதம் முழுக்க அவித்த கோழியும் முட்டைக்கோவாவும்தான். எடை ஒன்பது ஸ்டோன் ஒன்பது பவுண்டை, அதாவது அறுபத்தொரு கிலோவை, தாண்டக் கூடாது.

போட்டிக்கு முதல் நாள் எங்கள் மகன் பிறந்து முப்பத்தோராம் நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துச் சொந்தக்காரரை அழைத்திருந்தோம். வீட்டில் இருக்கிறவனை விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுவது? கீழே கூப்பிட்டேன். நாளைக்குக் காலை எடை பார்ப்பார்கள், வேண்டாம் என்று கும்பிடாத குறையாகச் சொன்னான். என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

"இஞ்சை பாருங்கோ, பிள்ளையின்ர விசேஷத்திலை ஒருவாய் சாப்பிடாமல் போறதோ? ஒரு கரண்டி சோத்திலை என்ன வந்திடப் போகுது? நீங்கள் சொல்லுங்கோவன்."

சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, தோளைப் பிடித்து இருத்தினேன். அவன் போதும் போதும் என்கிறான். எங்கள் ஆட்களில் போதும் என்ற சொல்லை யார் நம்புகிறார்கள்? மனைவி இரண்டாம் தரமும் சோறு போட்டாள். வடை, பாயாசம். மிச்சம் விட்டால் குறை நினைப்போம் என்று பயந்தானோ என்னவோ, எல்லாவற்றையும் தின்று முடித்தான்.

போட்டி முடிந்த மறுநாள் பயிற்சியாளர் எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார். அப்போதுதான் நடந்தது எனக்குத் தெரிந்தது. எடை ஒரு பவுண்டு கூடிவிட்டதாம். அதைக் குறைக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்களாம். குப்பைப் பையை உடம்பில் சுற்றிக்கொண்டு ஓடி, வியர்த்துக் குறைத்திருக்கிறான். நாலாம் சுற்றில் கால் சோர்ந்து விழுந்துவிட்டான்.

"கடையில் மீனும் சிப்ஸும் வாங்கித் தின்றானாம், வாயைக் கட்டத் தெரியாதவன்! இனி இவனுக்கு நான் போட்டி பிடித்துக் கொடுக்க மாட்டேன்."

அவன் வீங்கிய கண்ணோடு படியில் நின்றான். "ஆமாம், சிப்ஸ்தான்" என்றான்.

தொண்ணூறுகளில் அவன் கட்டட வேலைக்குப் போனான். திரும்ப மேடை ஏறவில்லை. அன்றைக்கு வாசலில், சாப்பிட வைத்தது நான்தான் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர்கள் பேசி முடியும்வரை நான் மகனைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன்.