டோக்கன் நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் குரல் பதிவு வந்தது. ரிட்டயராகி இருபது வருஷமாகியும் "டோக்கன் நம்பர் முந்நூத்திப் பதினெட்டு" என்றுதான் தொடங்குகிறார்.

கேட்டதும் கட்கியில் நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் காலைகள் நினைவுக்கு வந்துவிட்டன. சங்கு ஊதியதும் தீப்பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, அந்த எண் பொறித்த பித்தளை வருகை டோக்கனோடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் கிளம்புவார். மாலையில் வந்தவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்பார். அதோடு சரி.

அம்மா இறந்தபின் மற்றப் பேச்சும் நின்றுபோனது. போனில் கதை சொல்லிப் பதிவுசெய்யப் பழகிய பிறகுதான் மனிதர் மீண்டார். தொழிற்சாலையைப் பற்றி மட்டும் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

இன்று, அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை. பாதியில் குரல் கம்மியது. மறுபடி பேச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இன்னும் முடியல. இன்னிக்கு ஓவர்டைம்."