அம்மா போட்ட வாக்கு

டொரொண்டோவில் மகளின் பள்ளி வேலைக்காக மாப்பசை காய்ச்சியபோது, அந்த வாசத்தோடு யாழ்ப்பாணத்துக் கரம்பொன் கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டு மதில் நினைவுக்கு வந்தது. போரில் வீடும் மதிலும் போய்விட்டன. எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தலின்போது ஒரு கட்சி மாப்பசை பூசிச் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போக, அதன்மேல் இன்னொரு கட்சி ஒட்ட, சிரித்த முகங்களின் மேல் சிரித்த முகங்களாக மதில் தடித்துக்கொண்டே போனது. விடிந்ததும் அம்மா வாளியும் தேங்காய்த் தும்புமாக நின்று அவ்வளவையும் உரஞ்சிக் கழுவுவார்.

வாக்களித்தால் தேர்தலை எதிர்ப்பவர்கள் சுடுவார்கள் என்று ஊரில் பேச்சுப் பரவியது. தேர்தல் நாளன்று ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு படலையைத் திறந்தார். பக்கத்து வீட்டுப் பரிமளம் மாமி கைக்குழந்தையோடு ஓடிவந்தார்.

“அக்கா, போகாதேங்கோ. சுட்டுப்போடுவாங்கள்.”

“என்ர மதிலில ஒட்டேக்க என்னட்டை ஒருத்தரும் கேட்கேல்லை. இண்டைக்குத்தான் கேட்கினம். நான் சொல்லத்தான் வேணும்.”

விரலில் மையோடு அம்மா திரும்பி வரும்வரை நானும் மாமியும் படலையை விட்டு அசையவில்லை.

“ஆருக்கக்கா போட்டனீங்கள்?”

“ஒருத்தருக்கும் இல்லை. எல்லாச் சின்னத்தையும் குறுக்கால கோடிழுத்து வெட்டிப்போட்டு வந்தனான்.”

மாமி, “பிள்ளையை ஒருக்கால் வச்சிருங்கோ அக்கா,” என்று குழந்தையை நீட்டிவிட்டு, சேலை மாற்றப் போனார்.