கண்ணாடி வூட்ல கீது

ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் எங்களுடையது. ஞாயிறு மதியம், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில், நான்கு பேர். எல்லோரும் ஆடுகிற டிராகன் ஆட்டம் எனக்குச் சலித்துவிட்டது. யாரும் கேள்விப்படாத ஆட்டங்களை இணையத்தில் தேடி இறக்க ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஆங்கில விதிகளைப் படித்து மற்றவர்களுக்கு விளக்கும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் கலங்கரை விளக்கம் ஒன்றில் கதை நடக்கும் ஓர் ஆட்டம். அதில் பகடை கிடையாது. ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள ஆங்கில வரிகளை உரக்கப் படித்து, அங்கிருந்து கதையைத் தொடர வேண்டும்.

எங்களில் கதை சொல்லத் தெரிந்தவன் விசைப்படகில் வேலை செய்யும் நண்பன். ஏழாவதோடு பள்ளியை விட்டவன். அவன் சொன்னால் டிராகன் மேல்கூட மீன் வாடை அடிக்கும். அவன் முறை வந்தது. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி வூட்ல கீது மாமு. நீயே படி."

அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. என் அம்மாவுக்கும் கிடையாது. வங்கியில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் அம்மா படிவத்தை என்னிடம் நீட்டுவாள். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாங்கிப் படித்திருக்கலாம். விதி கெட்டுவிடுமே என்று, "பரவால்ல, எழுத்துக்கூட்டிப் படி" என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். டீ வாங்கி வருவதாகக் கீழே இறங்கியவன் திரும்பவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் வலை வேலை இருப்பதாகச் சொல்லியனுப்பினான். நாங்கள் மூவரும் சீட்டைப் படித்துவிட்டு, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு படிக்கவே தேவையில்லாத ஆட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இரண்டு பகடையும் வாயும் போதும். கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தேன். அவன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நிமிரவில்லை.

"எனக்கோசரம் கொயந்த ஆட்டமா தேடிகினு வந்தியா?"

நீ இல்லாமல் எங்களுக்குக் கதை வரவில்லை என்றேன். அன்றைக்குத் தெரிந்தேதான் அவனைப் படிக்கச் சொன்னேன் என்பதையும், அம்மா சொல்லும் கண்ணாடியையும் சொன்னேன்.

வலையின் ஒரு பக்கத்தை என் முன் தள்ளினான்.

"உங்கம்மாவையும் எழுத்துக்கூட்டிப் படின்னுவியா?"

உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவானா என்று கடைசிவரை கேட்கவில்லை.