இளமாறனின் வருமானம்

நைனார்பாளையத்தில் மரவள்ளிக் காடுகளை ஒட்டிய தெருவில் இருசம்மாளின் வீடு. களையெடுப்பு, கரும்பு வெட்டு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்து பிழைத்தவள். கணவன் பிச்சைமுத்து காமாலையில் போன பிறகு ஒரே மகன் இளமாறனைத் தனியாளாக வளர்த்தாள். வேறு சாதிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவன் சொன்ன அன்று, "இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத, போடா" என்றாள். அவன் போய்விட்டான். பெங்களூரில் கட்டட வேலை பார்ப்பதாகக் கேள்வி. கொஞ்ச காலத்தில் அவனுடைய போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை என்றது.

தியாகதுருகத்துத் தங்கமணி குடும்ப வருமானக் கணக்கெடுப்புக்காக வருடா வருடம் அந்தத் தெருவுக்கு வருவாள். ஒப்பந்த வேலைதான். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வருமானம் என்று கேட்டுப் பதிய வேண்டும்.

"வூட்ல ரெண்டு பேருதாம்மா" என்பாள் இருசம்மாள்.

மாதக்கணக்கில் வெளியே இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. தங்கமணி ஒருவர் என்றே பதிவாள். ஆனால் மகனைப் பற்றி இருசம்மாள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். கருவாட்டுக் குழம்பென்றால் அவனுக்கு எவ்வளவு ஆசை என்பதெல்லாம் தங்கமணிக்குத் தெரியும். ஊரில் வேறு யாரும் அவனைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

கடைசியாக வந்தபோது டேப்லெட்டில் வருமானக் கேள்விகளே இல்லை. ஆட்களையும் வீட்டையும் பதிந்துகொண்டு தங்கமணி எழுந்தாள்.

"இன்னாமா, சம்பாத்தியம் கேக்காம கெளம்பிட்ட?"

"இனிமே அது கேக்க வேணாங்க. பேங்கு, பி.எஃப்., நூறு நாள் வேலைன்னு ஏற்கெனவே பதிவு இருக்குதுல்ல, அதுலேர்ந்தே எடுத்துக்குவாங்க. கேட்டா ஜனங்க மறந்துடுறாங்க, கம்மியா சொல்றாங்களாம்."

இருசம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ எம்புள்ள எங்க வேல செய்யுறான்னு அதுல இருக்கும் இல்ல?"

தங்கமணி இதை எதிர்பார்க்கவில்லை. அதற்குள் இருசம்மாள் உள்ளே போய் மகனுடைய ஆதார் நகலை எடுத்து வந்துவிட்டாள். "உசுரோட இருக்கறானான்னாவது பாத்துச் சொல்லுமா."

முடியாது என்று சொல்லத் தங்கமணிக்கு வாய் வரவில்லை. கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் மேற்பார்வையாளர் ஜெயப்பிரகாஷிடம் கேட்டாள். அவர் கோபப்படவில்லை.

"பேரு, ஊரு எல்லாத்தையும் நீக்கிட்டுத்தாங்க அந்தப் பதிவு நமக்கே வருது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது, பெத்தவங்களா இருந்தாலும். கூலிய மேஸ்திரி கையில வாங்குறவரா இருந்தா எந்தப் பதிவுலயும் இருக்கவே மாட்டாரு."

அவர் சொன்னது சரிதான் என்று தங்கமணிக்குத் தெரிந்திருந்தது. அதையே போய் இருசம்மாளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"கவுர்மென்டுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா?" என்று இருசம்மாள் சத்தம் போட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மகனுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறினாள். கூலியாட்கள் காலையில் கூடும் முக்குகளில் நின்று ஒவ்வொருவரிடமும் காட்டினாள். கையிலிருந்த காசு தீர்ந்ததும் திரும்பி வந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டுத் தங்கமணி பார்க்கப் போனபோது இருசம்மாள் மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி பசங்கமா அங்க! சாந்து தூக்கிக்கினு, கம்பி கட்டிக்கினு... தூரத்துலேர்ந்து பாத்தா எல்லாம் அவனாட்டமே இருக்குதுங்க. ஓடி ஓடிப் போய்ப் பாத்தேன்."

தங்கமணி வரப்பில் உட்கார்ந்தாள்.

"பாத்தவங்ககிட்டலாம் சொல்லிட்டு வந்துக்கிறேன். ஆத்தா திட்ட மாட்டா, அந்தப் பொண்ணையும் கூட்டிக்கினு வரச் சொன்னான்னு சொல்லுங்கன்னு."

சொன்னவள் மறுபடி குனிந்து களையைப் பிடுங்கத் தொடங்கினாள். இளமாறனிடமிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை.