எஸ்ஸில் தொடங்கும் மீன்

வாசகசாலையைப் பார்த்துக்கொள்வது என்றால் ஓசியில் பேப்பர் படித்துக்கொண்டு காற்று வாங்குகிற வேலை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். என்னைப்போல அந்த நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்களே, நமக்கு மிஞ்சுவது முதுகுவலியும் கமிட்டியின் ஏச்சும்தான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் விலை தரைதட்டிய வருஷங்களில் மலாக்கா டவுனில் எங்கள் சங்கத்து வாசகசாலை என் பொறுப்பில் இருந்தது. அப்போது நடந்தவற்றில் சில இவை. சிரிப்பதற்கு முதலாவது மட்டும்தான் தேறும்.

ஒரே ஒரு தாள்

எங்களிடம் தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் அகராதி இருந்தது. யாரோ பெரிய மனிதர் நன்கொடையாகக் கொடுத்தது. ஒருநாள் தையற்கடைக்காரர் ஒருவர் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். வாசலில் மடக்கிவிட்டேன். மகனிடம் ஸ்கூலில் ஏதோ வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்களாம். எழுதிக்கொள்ளப் பென்சில் இல்லையாம்.

கமிட்டி கூடியது. அகராதி கண்ணாடி அலமாரிக்குள் போனது. கமிட்டி மெம்பர்களைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். தையற்காரருக்கு என்மேல் கடைசிவரை மனத்தாங்கல். "முழு புஸ்தகத்தையா தூக்கிட்டுப் போனேன்? ஒரே ஒரு தாளுதானே லா!"

கோட்டு போட்ட கிராணி

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒருவர் ஆபீஸ் குமாஸ்தாவாக, எங்கள் பேச்சில் கிராணியாக இருந்தார். ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சர்க்கார் செலவில் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். ஆனாலும் இஸ்திரி போட்ட கோட்டும் அவருமாகத் தினமும் பஸ் பிடித்து வந்துவிடுவார். இங்கிலீஷ் பத்திரிகையில் 'ஆள் தேவை' விளம்பரங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பார். அது முடிந்ததும் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வருவார். முதல் பரிசு கிடைத்தால் டவுனில் ஓர் அறை எடுத்து ஆறு மாதம் ஓட்டலாம், அதற்குள் எங்கேயாவது வேலை கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஊருக்குத்தான் சும்மா கூட்டிட்டுப் போறாங்களே ஐயா, போனா என்ன?" என்று கேட்டேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "புள்ளைய இங்கதான் தம்பி பொதைச்சோம், தோட்டத்து எல்லையில. அதை விட்டுட்டு வரமாட்டேங்கறா வீட்டுல."

நாலு கட்டம்

ஒரு வாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பின, ஒரு வார்த்தையைத் தவிர. 'ஆப்பிரிக்காவில் பேசும் ஒரு பாஷை. ஒரு மீனுக்கும் அதே பெயர்' என்று குறிப்புப் போட்டிருந்தார்கள். நாலெழுத்து, முதலெழுத்து எஸ். விஷயம் பரவி வாசகசாலையே மீன்பிடிக்க இறங்கிவிட்டது. பஸ் கண்டக்டர் ஒருவர் தானாகவே மீன் சந்தைக்கு, அதுதான் பாசாருக்குப் போய் மலாய் மீன்காரர்களிடம் கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். செலார், சியாகாப், செனாங்கின், செம்பிலாங் என்று எல்லாமே எஸ்தான். கிராணி ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் எழுதி, விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூட நாலு கட்டத்துக்குள் அடங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக் கண்டக்டருக்கே சங்கடமாகிவிட்டது. "மீனெல்லாம் நம்ம கடல்ல கெடக்கு, பாஷை மட்டும் ஆப்பிரிக்காவுல போயி உக்காந்துக்கிச்சு. நான் என்னண்ணே பண்ணட்டும்?"

கேட்டது ஒரு தடவைதான்

மறுநாள் கிராணி என் மேஜைக்கு வந்தார். அகராதியில் எஸ் பகுதியை மட்டும் புரட்டிக்கொள்கிறேன், இங்கேயே, உங்கள் கண்ணெதிரிலேயே என்றார். கமிட்டி மெம்பர் யாரிடமாவது ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். காரியதரிசி சிங்கப்பூர் போயிருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற மெம்பர்களின் வீட்டு வாசலில் இவர் போய் நிற்கமாட்டார் என்பதும் தெரியும்.

நானே எடுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அகராதியில் எஸ்தான் ரொம்பத் தடிமன், அந்தச் சோம்பல் பாதி. சாவி கையில் இருக்கிற மிதப்பு மீதி. இன்றைக்கு இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. போட்டிக்கு விடை அனுப்பக் கடைசி நாளன்று தபாலாபீஸ் போய்விட்டுத் திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும் அவராகவே சொன்னார்: "வாய்க்கு வந்ததை எழுதிப் போட்டுட்டேன் தம்பி. கட்டத்தைச் சும்மா விட மனசு வரலை."

விடை

விடை வந்த பத்திரிகையை நான்தான் முதலில் பிரித்தேன். 'சாப்போ' என்று போட்டிருந்தார்கள். இங்கிலீஷில் எஸ், ஏ, பி, ஓ, நாலே எழுத்து. அலமாரியைத் திறந்து அகராதியை எடுத்தேன். பாஷையும் இருந்தது, மீனும் இருந்தது. எஸ் பகுதியின் ஆரம்பப் பக்கங்களிலேயே இருந்தது. புரட்ட ஆரம்பித்திருந்தால் அரைமணி நேரத்தில் அவர் கண்ணில் பட்டிருக்கும். மற்றக் கட்டங்கள் அத்தனையையும் அவர் சரியாகப் போட்டிருந்தார்.

கப்பலுக்குக் கிளம்பிய அன்று சொல்லிக்கொண்டு போக வந்தார். அவர் மனைவி வெளியே, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில், டிரங்குப் பெட்டி பக்கத்தில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தோட்டத்திலிருந்து பஸ் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஐயா, அந்த வார்த்தை நம்ம அகராதியில இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்: "இருக்கும்னு தெரிஞ்சுதானே தம்பி கேட்டேன்."

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் 'பொறுப்பான ஆள்' என்று என்னை மெச்சிக் கைதட்டினார்கள், நானும் எழுந்து கும்பிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.